கல்யாண வீட்டில் கேமராக்காரர்: தேவையே!



கல்யாண வீட்டில் கேமராக்காரர் தேவையா, தொல்லையா? தொல்லை என்று பேசிய அம்மையார் என்ன சொன்னார்கள்? "மொய் எழுதியது நான், தாலி கட்டும்போது எனக்குத் தெரிந்தது கேமராக்காரர் முதுகு!" நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். உண்மைதானே! "தம்பி, படம் சரியா விழல, தாலியை இன்னொரு தரம் கட்டுங்க" என்று சொல்கிறவரும் இருக்கிறார். ஆனால் அம்மா, அது தொழில் தெரியாதவர் செய்கிற தொல்லை. சாம்பாரில் உப்பு கூடிப்போச்சு என்பதற்காகப் பந்தியே வேண்டாம் என்போமா? (சிரிப்பு)

"மனசுல இருந்தால் போதாதா, படம் எதுக்கு?" என்றார் இன்னொரு நண்பர். ஐயா, நம்ம மாவட்டத்து உத்திரமேரூர்க்காரர்கள் அப்படி நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலை முறையைக் கோயில் சுவரில் வெட்டிவைத்தார்கள். மனசுலேயே வைத்திருந்தால் இன்றைக்கு நாம் மேடைக்கு மேடை பெருமை பேச முடியுமா?

விக்டோரியா மகாராணிக்குக் கல்யாணம் 1840-ல். கேமரா உலகத்துக்கு அறிமுகமாகி ஒரு வருஷம்தான். கல்யாணத்தன்று எடுத்த படம் கிடையாது. பதினான்கு வருஷம் கழித்து, 1854-ல், தம்பதி ஜோடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். ரோஜர் ஃபென்டன் என்பவர் எடுத்தார். பலர் இன்றைக்கும் அதைத்தான் கல்யாணப் படம் என்று நினைக்கிறார்கள். மகாராணிக்கே அந்த ஆசை விடவில்லை, நம்ம வீட்டுப் பொண்ணுக்கு விடுமா?

சரி, தொழில் தெரிந்தவர் என்கிறேனே, அவர் யார்? கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே பெண் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடிக்கிறாரே, அவர். "உங்க வீட்டு வழக்கத்தில் மூணு முடிச்சும் மாப்பிள்ளையா, இல்லே நாத்தனாரும் போடுவாங்களா?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். இது தெரியாதவர் முதல் முடிச்சோடு கேமராவை இறக்கிவிடுவார். நாத்தனார் கோபம் ஆயுசுக்கும் தீராது! (கைதட்டல்)

முதல்நாளே மண்டபத்தைப் போய்ப் பார்ப்பார். வெளிச்சம் எந்த ஜன்னலில் வருகிறது, மேல்கூரை என்ன நிறம் என்று பார்ப்பார். கூரை எதற்கு? காஞ்சிபுரம் பட்டில் ஜரிகை இருக்கிறதே, அதற்கு நேராக ஃபிளாஷ் அடித்தால் ஜரிகை வெளுத்துப்போகும், முகத்தில் எண்ணெய் வழியும். அதனால் ஃபிளாஷை மேலே திருப்பி, வெள்ளைக் கூரையில் பட்டு இறங்குகிற வெளிச்சத்தில் எடுப்பார். கூரையில் பச்சைத் துணி கட்டியிருந்தால்? மணப்பெண் முகமும் பச்சை! அங்கே வெள்ளைக் குடை பிடிப்பார். ஓமப் புகை எழும்பும்போது ஃபிளாஷ் அடித்தால் புகைதான் வெள்ளைத் திரையாக விழும். அப்போது அதை அணைத்துவிட்டு, இருக்கிற வெளிச்சத்திலேயே எடுப்பார்.

புரோகிதர் விரலை உயர்த்தினால் கெட்டிமேளம். அதற்கப்புறம் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலில் 36 படம். விவரமானவர்கள் நாலைந்து படம் மிச்சமிருக்கும்போதே, முகூர்த்தத்துக்கு முன்னால் புது ரோல் மாற்றிவிடுவார்கள். இப்போது ஒரே படத்தை ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் எழுதுகிற கேமரா வந்துவிட்டது. ஒன்று கெட்டாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

இந்தப் பக்கத்துக் கேமராக்காரர் ஒருவர் எனக்குச் சொன்னார். ஒரு பெண் வீடு. அப்பா இல்லை. நோட்டை எடுத்து, "தாரை வார்த்துக் கொடுக்கிறது யாருங்க?" என்று கேட்டிருக்கிறார். "சித்தப்பா, சித்தி." "பெண்ணோட அம்மா எங்கே நிற்பாங்க?" யாரும் பேசவில்லை. அந்த அம்மாவே உள்ளேயிருந்து, "நான் மேடைக்கு வரமாட்டேன் தம்பி, பின்னாடி நிப்பேன்" என்றாராம்.

பெற்று, வளர்த்து, நகைக்குச் சீட்டுக் கட்டி, இந்த நாளைக் கொண்டுவந்தவர் அந்த அம்மா. தாலி இல்லாத கழுத்து என்பதற்காக, மகள் கழுத்தில் தாலி ஏறுவதைத் தூணுக்குப் பின்னாலிருந்து பார்க்க வேண்டுமாம். இது எந்த ஊர் நியாயமய்யா?

கேமராக்காரர் அங்கே வாதம் செய்யவில்லை. முகூர்த்தத்தன்று உதவியாளரை மேடையில் நிறுத்தினார். தான் மேடை ஓரத்தில் நின்று, தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுகிற லென்ஸை மாட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கெட்டிமேளம் கொட்டியது. எல்லாரும் மணமக்களைப் பார்த்து அட்சதை போட்டார்கள். தூணோரத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. அட்சதை மேடைவரைக்கும் வரவில்லை, பாதியிலேயே விழுந்தது. அந்த அம்மா சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர். ஒரே படம்.

ஆல்பம் வந்தபோது அந்தப் பொண்ணு தாலி கட்டுகிற படத்தைத் தேடவில்லை. "இதை முதல் பக்கத்தில் வையுங்க" என்று சொல்லியிருக்கிறது. (கைதட்டல்)

படத்தில் வந்துவிட்டதால் அந்த அம்மாவுக்கு நியாயம் கிடைத்துவிட்டதா என்று எதிரணி கேட்கும். கிடைக்கவில்லை. அவரை மேடையில் ஏற்ற வேண்டியது சொந்தக்காரர்கள் வேலை, அவர்கள் செய்யவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் இத்தனை சொந்தத்துக்கு நடுவில், அவர் எங்கே நிற்கிறார் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்பிப் பார்த்த ஆள், கூலிக்கு வந்த ஒருவர். அவரையா தொல்லை என்கிறீர்கள்?

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் நோட்டில் ஒரு கேள்வி கூடுதலாக இருக்கிறதாம்: "மேடைக்கு வரமாட்டேன்னு சொல்லப்போறவங்க உங்க வீட்டில் யாராவது இருக்காங்களா?" சில வீடுகளில், அந்தக் கேள்வியைக் கேட்டதுமே அண்ணன் தம்பிகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, "ஏன், அம்மாவும் மேடைக்கு வரட்டுமே" என்று சொல்லியிருக்கிறார்களாம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்.