புது மீட்டர் மாட்டும் முன் கேட்க வேண்டியவை



புத்தூர் கடைத்தெருவில் ஒரு குக்கர் வாங்கப் போகிறவர் எத்தனை கேள்வி கேட்கிறார்! எத்தனை லிட்டர்? வாஷர் எங்கே கிடைக்கும்? கெட்டுப் போனால் மாற்றித் தருவீர்களா? எத்தனை வருஷம் காரன்டி? எல்லாம் கேட்ட பிறகுதான் மடியிலிருந்து பணத்தை எடுக்கிறார்.

ஆனால் வீட்டுச் சுவரில் தொங்கும் கரண்ட் மீட்டரைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அது சொல்லுகிற கணக்குக்குத்தான் மாதா மாதம் பணம் கட்டுகிறோம் என்பதும் பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

இப்போது அந்த மீட்டரே மாறுகிறது. நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள் வைப்பதற்கு மத்திய அரசு 2021ஆம் ஆண்டு ஒரு திட்டம் கொண்டு வந்தது. பல மாநிலங்களில் இந்த மீட்டர்கள் வீடுகளுக்கு வந்துவிட்டன. ஆந்திராவிலும் இதைப் பற்றி ஊர் ஊராகப் பேச்சு எழுந்தது. மக்கள் கேள்வி கேட்டார்கள். எதிர்ப்பும் வந்தது. 2025ஆம் ஆண்டு மாநில மின்துறை அமைச்சர் ஒரு விளக்கம் சொன்னார். மக்கள் சம்மதம் இல்லாமல் வீடுகளுக்கு இந்த மீட்டரை வைக்க மாட்டோம் என்றார்.

சம்மதம் என்றால் என்ன? விஷயம் தெரிந்து "சரி" என்று சொல்வதுதான் சம்மதம். தெரியாமல் கைநாட்டு வைப்பது சம்மதம் ஆகாது. அதனால் முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

பழைய காலத்து மீட்டரில் ஒரு வட்டத் தகடு சுற்றும். அதற்குப் பின்னால் வந்த மீட்டரில் தகடு இல்லை. ஒரு சிவப்பு விளக்கு மின்னும். இரண்டிலும் ரீடிங் எடுக்க ஓர் ஆள் வர வேண்டும். ஸ்மார்ட் மீட்டருக்கு ஆள் வர வேண்டியதில்லை. செல்போனில் இருப்பது போன்ற சிம் கார்டு பல மீட்டர்களில் உள்ளே இருக்கிறது. அரை மணிக்கு ஒரு முறையோ கால் மணிக்கு ஒரு முறையோ எவ்வளவு கரண்ட் செலவானது என்று மீட்டர் குறித்துக்கொள்ளும். அந்தக் கணக்கை மின்சார நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். மீட்டருக்குள் ஒரு சுவிட்சும் உண்டு. தூரத்தில் இருந்தபடியே அந்த சுவிட்சை அணைக்கலாம், போடலாம்.

செல்போனுக்கு ரீசார்ஜ் செய்வது போல முன்பணம் கட்டும் வகையாகவும் இதை வைக்கலாம். முன்பு போல மாதக் கடைசியில் பில் கட்டும் வகையாகவும் வைக்கலாம். வைக்கப் போவது எந்த வகை என்பதுதான் முதல் கேள்வி.

அடுத்த கேள்வி எல்லார் வாயிலும் வருவது. "இது வேகமா ஓடுமாமே? பில்லு கூட வருமாமே?"

2024 மே மாதம் குஜராத்தில் வடோதரா நகரத்து மக்கள் இதே கேள்வியோடு தெருவுக்கு வந்தார்கள். ரீசார்ஜ் செய்த பணம் சில நாளிலேயே கரைகிறது என்று சொன்னார்கள். அரசு மீட்டர் மாட்டுவதை நிறுத்தி வைத்தது. சந்தேகப்படும் மக்களுக்காகப் புது மீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு மீட்டரும் வைத்துக் காட்டுவோம், இரண்டும் ஒரே கணக்குச் சொல்கிறதா பாருங்கள் என்றது.

அதே ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசின் விதியிலும் இது சேர்ந்துவிட்டது. மீட்டர் கணக்கு தப்பு என்று ஒருவர் புகார் கொடுத்தால், 5 நாளுக்குள் பக்கத்தில் ஒரு கூடுதல் மீட்டர் வைக்க வேண்டும். குறைந்தது 3 மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கேட்டால் கிடைக்கிற உரிமை இது. கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து வைக்கப் போவதில்லை.

பில் கூடுவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். பழைய சுற்றுத் தகடு மீட்டர் வயதாக ஆக மெதுவாக ஓடும். பல வருஷம் குறைவாகக் காட்டியிருக்கும். புது மீட்டர் சரியாகக் காட்டும்போது திடீரென்று ஏறியது போலத் தெரியும். ஆகவே ஏறிய பில் எல்லாம் மோசடி அல்ல. ஏறிய பில் எல்லாம் சரி என்றும் ஆகாது. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

எண்ணிப் பார்க்க ஒரு வழி உண்டு. படிக்கத் தெரிந்த எவரும் செய்யலாம். மீட்டர் முகத்தில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. சிவப்பு விளக்கு 3200 முறை மின்னினால் 1 யூனிட் என்று அதற்குப் பொருள். 1 யூனிட் என்பது 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடுவது. வழக்கமான ஃபேன் ஒன்று முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட் எடுக்கும். கணக்குப் போட்டால் ஒரு மணிக்கு 240 முறை மின்ன வேண்டும். அதாவது நிமிஷத்துக்கு 4 முறை.

ஒரு வீட்டில் இப்படிப் பேச்சு நடக்கலாம்.

"அத்தை, எல்லாத்தையும் அணைச்சுட்டேன். ஃபேன் மட்டும்தான் ஓடுது. அந்த விளக்கு எத்தனை முறை மின்னுதுன்னு பத்து நிமிஷம் எண்ணுங்க."

"எனக்கு எதுக்கும்மா இந்த வேலை?"

"நாற்பது பக்கம் வந்தா சரி. எண்பது வந்தா ஆபீசுல கேக்கணும்."

"ஃபேனையும் அணைச்சுட்டா?"

"அப்புறமும் மின்னிச்சுன்னா, எங்கேயோ ஒயர் கசியுது. இல்லேன்னா நம்ம லைன்ல வேற யாரோ எடுக்கறாங்க."

இந்தச் சோதனையை இன்றைக்கே பழைய மீட்டரில் செய்து பார்த்து, ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. புது மீட்டர் வந்த பிறகு மறுபடி எண்ணி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது கேள்வி அந்த சுவிட்சைப் பற்றியது. லைன்மேன் வந்து ஃபியூஸைப் பிடுங்கினால், அவரிடம் இரண்டு வார்த்தை பேசலாம். "அண்ணா, குழந்தைக்கு ஜுரம், நாளைக்குக் கட்டிடறேன்" என்று சொல்லலாம். கம்ப்யூட்டரிடம் எப்படிச் சொல்வது?

2020 ஆகஸ்ட் மாதம், கிருஷ்ண ஜெயந்தி அன்று, உத்தரப் பிரதேசத்தில் ஒரு சம்பவம் நடந்தது. கம்ப்யூட்டரில் ஒரு தவறான கட்டளை போய்விட்டது. ஸ்மார்ட் மீட்டர் வைத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் கரண்ட் நின்றது. பண்டிகை நாளில் வீடுகள் இருண்டன. ஒழுங்காகப் பில் கட்டியவர்கள் வீட்டிலும் இருட்டுதான். அதற்குப் பிறகு அந்த மாநிலம் புது மீட்டர் மாட்டுவதைச் சில காலம் நிறுத்தியது.

ஆகவே இவற்றைக் கேட்க வேண்டும். முன்பணம் தீர்ந்தால் எத்தனை நாள் தவணை? இரவில் நிறுத்துவார்களா? ஞாயிற்றுக்கிழமை நிறுத்துவார்களா? பீகாரில் இதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். பகலில் குறித்த நேரத்தில் மட்டுமே நிறுத்தலாம், விடுமுறை நாளில் நிறுத்தக் கூடாது என்றார்கள். அங்கே முடியும் என்றால் இங்கேயும் கேட்கலாம்.

பணம் தீரப் போகிறது என்ற தகவல் செல்போனுக்கு வரும். பட்டன் போனுக்கும் வரும். ஆனால் எந்த மொழியில் வரும்? புத்தூர், நகரி பக்கம் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் பலர். தமிழ் எழுத்து மட்டும் கற்றவருக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தால், வந்தும் பயன் இல்லை. பணம் கட்டத் தெரிந்த போன் வீட்டில் ஒருவரிடம்தான் இருக்கிறது, அவரும் திருப்பதிக்கு வேலைக்குப் போய்விடுகிறார் என்றால் மற்றவர்கள் எங்கே போய் ரீசார்ஜ் செய்வது? சின்னக் கேள்வி போலத் தெரியும். விளக்கு எரிவதும் அணைவதும் இதில்தான் இருக்கிறது.

நான்காவது கேள்வியை நம் பக்கத்தில் அதிகம் பேர் கேட்பதில்லை. அரை மணிக்கு ஒரு முறை கணக்கு எடுத்தால், அதில் வீட்டின் நடமாட்டமே தெரியும். எப்போது தூங்குகிறார்கள், எப்போது எழுகிறார்கள், எந்த வாரம் வீடு பூட்டிக் கிடந்தது, எல்லாம் தெரியும். இந்தக் கணக்கை யார் யார் பார்க்கலாம்? நெதர்லாந்து என்ற நாட்டில் ஸ்மார்ட் மீட்டரை எல்லாரும் கட்டாயம் வைக்க வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். வீட்டு விஷயம் வெளியே போகிறது என்று மக்கள் கேள்வி எழுப்பினார்கள். 2009இல் அந்த நாட்டு மேல்சபை அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. 2011இல் சட்டத்தைத் திருத்தினார்கள். விருப்பம் இல்லாதவர் வேண்டாம் என்று சொல்லலாம் என்று ஆனது. மீட்டர் வருவதற்கு முன்னால் கேட்டதால்தான் இது நடந்தது.

காசைப் பற்றிய கேள்விகள் உண்டு. மாட்டுகிற அன்றைக்கு வீட்டுக்காரரிடம் மீட்டர் விலை வாங்குவதில்லை என்பதுதான் திட்டம். மத்திய அரசு ஒரு பங்கு தருகிறது. மீதியை மின்சார நிறுவனம், மீட்டர் போடும் கம்பெனிக்குப் பல வருஷம் தவணையாகக் கட்டுகிறது. அந்தத் தவணைப் பணம் கடைசியில் யூனிட் விலையில் ஏறுமா என்று கேட்க வேண்டும். இன்னொன்று, சர்வீஸ் வாங்கும்போது கட்டிய டெபாசிட். முன்பணம் கட்டும் மீட்டர் எடுக்க முன்வருபவரிடம் டெபாசிட் கேட்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் சொல்கிறது. அப்படியானால் பழைய டெபாசிட் எப்போது திரும்ப வரும்?

லோடு விஷயமும் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு எழுதிக் கொடுத்த லோடை விட அதிகம் எடுத்தால் ஸ்மார்ட் மீட்டர் அதைப் பதிவு செய்துவிடும். கிரைண்டர், மோட்டார், அயர்ன் பாக்ஸ் மூன்றும் ஒன்றாக ஓடினால் போதும். 2023ஆம் ஆண்டு விதி இதற்குப் பாதுகாப்புத் தருகிறது. ஒரு நிதி ஆண்டில் குறைந்தது 3 முறை தாண்டியிருந்தால்தான் லோடை உயர்த்தலாம். மீட்டர் வைப்பதற்கு முந்தைய நாட்களுக்காக அபராதம் போடக் கூடாது. அதே விதியில் நேரத்துக்கு ஒரு விலை என்பதும் வந்தது. வெயில் நேரத்தில் விலை குறைவு, கூட்டமான நேரத்தில் விலை அதிகம். பகலில் தறி ஓட்டுகிறவருக்கு அது லாபமாகலாம். சாயங்காலம் வீடு திரும்பி விளக்கும் ஃபேனும் போடுகிற கூலிக்காரருக்கு லாபம் என்று சொல்ல முடியாது.

விவசாயிகளின் கவலை வேறு. ஆந்திராவில் 2004 முதல் வயல் மோட்டாருக்கு இலவச கரண்ட். 2020இல் அப்போதைய மாநில அரசு மோட்டாருக்கு மீட்டர் வைத்து, பணத்தை விவசாயி கணக்கில் போட்டு, அதிலிருந்து பில் கட்டும் முறையைக் கொண்டு வந்தது. ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் முதலில் சோதித்தார்கள். பணம் ஒரு மாதம் தாமதமானால் மோட்டார் நிற்குமா என்று மாநிலம் முழுதும் விவசாயிகள் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. மீட்டர் என்பது எண்ணுகிற கருவி மட்டுமே. இலவசம் தொடருமா என்பது அரசின் முடிவு. ஆகவே அதற்கான பதிலை மீட்டர் மாட்ட வரும் ஆளிடம் எதிர்பார்க்கக் கூடாது. அரசிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டும்.

புது மீட்டரில் நல்லதும் இருக்கிறது. வீடு பூட்டியிருந்தது என்று குத்துமதிப்பாக பில் போட முடியாது. ரீடிங் எடுக்க ஆள் நாலு நாள் தாமதமாக வந்ததால் யூனிட் கூடி, அதிக விலைப் படிக்கு ஏறும் தொல்லையும் இருக்காது. மாடியில் சூரிய பலகை வைப்பவருக்கு உள்ளே வந்த கரண்டும் வெளியே போன கரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

மீட்டர் மாற்ற ஆள் வந்தால், பழைய மீட்டரின் கடைசி எண்ணை அவர் கழற்றும் முன் எழுதிக்கொள்ளுங்கள். தேதியும் எழுதுங்கள். புது மீட்டரின் நம்பரையும் முதல் எண்ணையும் எழுதுங்கள். அவர் நீட்டும் தாளைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகல் கேளுங்கள்.

கணக்கில் சந்தேகம் வந்தால் முதலில் ஊர் மின்சார ஆபீசில் எழுத்தில் கொடுக்கலாம். 1912 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். புத்தூருக்குக் கரண்ட் தரும் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் திருப்பதியில் இருக்கிறது. நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும் அங்கேயே உண்டு. அங்கும் தீரவில்லை என்றால் மின்சார ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். எங்கே போனாலும் சர்வீஸ் நம்பரையும், எழுதி வைத்த அந்தக் கடைசி எண்ணையும்தான் முதலில் கேட்பார்கள்.