கவிழ்த்துப் பாருங்கோ

கதிரை, அலுமாரி, மேசை மூன்றுமே போர்த்துக்கேயர் எங்களுக்கு விட்டுப்போன சொற்கள். அந்தச் சாமான்கள்தான் இப்ப இக்மன் போன்ற விளம்பரத் தளங்களில் விலைக்கு நிற்கின்றன. பாட்டா சாய்ந்திருந்து பேப்பர் பார்த்த சாய்மனைக் கதிரையைப் படம் பிடித்து, கீழே 'ஒல்லாந்தர் காலத்துச் சாமான்' என்று துணிந்து எழுதிவிடுகினம். அதை நம்பி முற்பணம் அனுப்பிப்போடாதேங்கோ. நேரில் போய்க் கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கோ. தலையில் கூட்டல் குறி வெட்டின திருகாணி இருந்தால், அந்த ஆணி 1930களுக்கு முந்தியதாக இருக்க ஏலாது. பிறகு திருத்தினதாகவும் இருக்கலாம், கேளுங்கோ. காலடியில் மாப்போலத் தூள் கொட்டியிருந்தால் மரத்துக்குள்ளே பூச்சி இருக்கு. விற்கிற ஆட்களுக்கும் ஒன்று: முதிரையோ தேக்கோ, புதுப் பொலிஷ் அடித்துப் பழசை மறைக்காதேங்கோ. வாங்க வாறவர் அந்தப் பழசுக்குத்தான் காசு தாறார்.