மடிக்கணினிக்கு மாற்று அடாப்டர்: பின் பொருந்தினால் போதுமா?



பள்ளி மடிக்கணினியில் சார்ஜ் ஏறவில்லை என்றால் அன்றைய காணொலிப் பாடமும் எமிஸ் பதிவும் நின்றுவிடுகின்றன. அந்த அவசரத்தில் கடைக்குப் போய், பின் உள்ளே நுழைகிறதா என்று மட்டும் பார்த்து ஓர் அடாப்டரை வாங்கி வந்துவிடுகிறோம். பல ஆயிரம் ரூபாய்க் கணினி பாழாவதற்கு அது ஒன்றே போதும்.

வாங்கும் முன், கெட்டது அடாப்டர்தானா என்று பாருங்கள். வேறு பிளக்கில் செருகிப் பாருங்கள். பெரும்பாலான அடாப்டர்களில் பிளக்கிலிருந்து பெட்டிவரை வரும் கம்பி தனியே கழன்று வரும். அதே வகைக் கம்பி ஒன்றை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கம்பி மட்டும் கெட்டிருந்தால் செலவு மிகக் குறைவு.

அடாப்டர்தான் கெட்டது என்றால் அதன் லேபிளைப் படியுங்கள். ‘இன்புட்’ என்ற இடத்தில் 100–240 வோல்ட் என்று இருக்கும். அது சுவரிலிருந்து வருவது. நமக்கு வேண்டியது ‘அவுட்புட்’ வரி. எடுத்துக்காட்டாக, 19 வோல்ட், 3.42 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 65 வாட். லேபிள் அழிந்திருந்தால் மடிக்கணினியின் அடிப்பக்கம் பாருங்கள்.

மின்னழுத்தம் பழைய அடாப்டரில் உள்ளபடியே இருக்க வேண்டும். 19க்குப் பதில் 19.5 இருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. 12, 24 என்றால் கூடவே கூடாது.

ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம். “4.74 ஆம்பியர் அடாப்டர் போட்டால் கணினி எரிந்துவிடாதா?” என்று பலர் கேட்கிறார்கள். எரியாது. 16 ஆம்பியர் பிளக்கில் கைப்பேசி சார்ஜரைச் செருகினால் அது 16 ஆம்பியரையா இழுக்கிறது? கருவி தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஆம்பியர் குறைந்தால்தான் ஆபத்து: அடாப்டர் அளவுக்கு மீறிச் சூடாகும்.

அடுத்தது பின். அதன் பருமனோடு துருவமும் பொருந்த வேண்டும். நடுவில் நேர்மின்னா எதிர்மின்னா என்பதை லேபிளில் உள்ள சிறு வட்டப் படம் காட்டும். டெல், எச்.பி. கணினிகள் பலவற்றில் பின்னின் நடுவே உள்ள மெல்லிய ஊசி, அடாப்டர் எது என்பதைக் கணினிக்குச் சொல்கிறது. அந்தத் தகவல் கிடைக்காவிட்டால் கணினி இயங்கினாலும் பேட்டரியில் சார்ஜ் ஏறாமல் போகலாம்.

டைப்-சி வகையில் கணினியும் அடாப்டரும் தமக்குள் பேசி மின்னழுத்தத்தை முடிவு செய்துகொள்ளும். அங்கே வாட்டைப் பாருங்கள். 65 வாட் கேட்கும் கணினிக்குக் கைப்பேசியின் 18 வாட் சார்ஜர் போதாது. 60 வாட்டுக்கு மேல் என்றால் 5 ஆம்பியர் தாங்கும் கேபிளும் வேண்டும்.

கடைசியாக, பி.ஐ.எஸ். முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த எண் உண்மையானதா என்பதை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அங்கேயே சரிபார்க்கலாம். முத்திரையே இல்லாத அடாப்டரை, விலை எவ்வளவு குறைவானாலும், பிள்ளைகள் புழங்கும் வகுப்பறைக்குக் கொண்டுவராதீர்கள்.

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் நடத்தும்போது பழைய அடாப்டர்கள் நான்கைக் கொடுத்து, எது எந்தக் கணினிக்குப் பொருந்தும் என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். மின்திறன் சூத்திரம் மனத்தில் பதியும். அவர்கள் வீட்டில் உள்ள விலையில்லா மடிக்கணினிகளும் பிழைக்கும்.