செய்தியைக் கேளுங்க, பிள்ளையையும் கேளுங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"செல்போன் கேமால் சிறுவன் விபரீத முடிவு" என்று டிவியில் ஓடினால் நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்குது. உடனே பிள்ளை கையிலிருந்து போனைப் பிடுங்குறோம். அந்தச் செய்தி முழுசா உண்மையான்னு கேட்கிறதில்லை.

2017-ல் வந்த 'புளூ வேல்' பீதி ஞாபகம் இருக்கா? எல்லா சேனலிலும் அதே பேச்சு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. மத்திய அரசு குழு போட்டு விசாரித்தது. எந்தச் சம்பவத்திலும் அந்த விளையாட்டுதான் காரணம் என்று உறுதி செய்ய முடியவில்லை என்று 2018 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். பயமுறுத்திய செய்தி வீடு வீடாக வந்தது. இந்தப் பதில் நம்மில் எத்தனை பேருக்கு வந்து சேர்ந்தது?

இதில் என்ன நஷ்டம்னு கேட்பீங்க. ஒரு பிள்ளை மனசு உடைய பல காரணம் இருக்கும். மார்க், வீட்டுச் சண்டை, பள்ளிக்கூடத்தில் கேலி. பழியைக் கேம் மேல போட்டுட்டா, மத்ததை யாரும் விசாரிக்க மாட்டாங்க.

கேமால் கெடுதலே இல்லைன்னு நான் சொல்லலை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் இதுவும் நடைமுறையில் இருக்கு. அடையாளம் மூன்று: ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாதது, சாப்பாடு, தூக்கம், படிப்பைவிட கேமே பெரிசாகிறது, கெடுதல் வந்த பிறகும் விடாதது. பொதுவாக ஒரு வருஷமாவது இப்படி நீடிக்கணும். லீவு நாளில் ரெண்டு மணி நேரம் ஆடுறது நோய் ஆகாது.

பணம் கட்டி ஆடும் ரம்மி வேற விஷயம். செய்தியில் ரெண்டையும் 'ஆன்லைன் கேம்' என்று ஒரே பேரில் சொல்றாங்க. கேம் கெடுதின்னு செய்தி வாசிச்ச டிவியிலேயே இடைவேளையில் ரம்மி விளம்பரம் ஓடினதையும் பார்த்தோம். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டையும் அதன் விளம்பரத்தையும் தடை செய்தது. சட்டம் இருந்தாலும் நம்ம காவல் நமக்கு வேணும். குழுவில் வாங்கிய கடன் நம்ம கணக்கில்தான் இருக்கு. போனில் பணம் அனுப்பும் ரகசிய எண்ணை வீட்டில் யாருக்கும் சொல்லாதீங்க.

அடுத்த தடவை இப்படிச் செய்தி வந்தால் மூணு கேள்வி கேளுங்க. காரணத்தைச் சொன்னது யார், டாக்டரா, போலீசா, பக்கத்து வீட்டுக்காரரா? அது சும்மா ஆடும் கேமா, பணம் கட்டுறதா? அந்த வீட்டில் வேற என்ன கஷ்டம் இருந்தது?

அப்புறம் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன சாமி ஆடுற, எனக்கும் காட்டு"ன்னு கேளுங்க. திட்டு விழும்னு தெரிஞ்சா பிள்ளை வாய் திறக்காது. முகம் வாடியே இருந்தா 14416-க்குப் போன் பண்ணுங்க. அரசின் மனநல உதவி எண், இலவசம், ராத்திரியிலும் பேசலாம்.

இதை உங்க குழுவின் அடுத்த கூட்டத்தில் பத்து நிமிஷம் பேசுங்க.