காக்கா ஸ்கூல்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு முன் ஒரு பழைய கடனைத் தீர்த்துக்கொள்கிறேன்.

என் அக்கா படித்தது மதுரை காக்கைபாடினியார் மாநகராட்சிப் பெண்கள் பள்ளியில். "என்னக்கா, காக்கா ஸ்கூல் விட்டாச்சா?" என்று தினமும் கேலி செய்வேன். எந்தப் பள்ளி என்று யார் கேட்டாலும் "கார்ப்பரேஷன் ஸ்கூல்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

பிறகு இக்கல்லூரி நூலகத்தில் ஒருநாள் குறுந்தொகையைப் புரட்டினேன். 210-ஆம் பாடல். தலைவன் திரும்பிவிட்டான். அவன் வருகையைக் கரைந்து சொன்ன காக்கைக்கு ஏழு கலம் நிறையச் சோறிட்டாலும் போதாது என்கிறாள் தோழி. பாடியவர் நச்செள்ளையார். அந்தக் காக்கையால்தான் அவர் காக்கைபாடினியார் ஆனார். பதிற்றுப்பத்தில் ஆறாம் பத்தும் அவர் பாடியதே.

நாங்கள் உதிரிபாகங்களுக்குப் போடுவதுபோல மாநகராட்சியும் பள்ளிகளுக்கு வெறும் எண் போட்டிருக்கலாம். மாறாக, பெண்கள் பள்ளிகளுக்கு வெள்ளிவீதியார், பொன்முடியார், ஔவையார் என்று சங்கப் புலவர்களின் பெயர்களைச் சூட்டியது. வெள்ளிவீதியார் பட்ட துயரை ஔவையார் அகநானூறு 147-இல் நினைவுகூர்கிறார். இன்று இருவர் பெயரிலும் ஒரே ஊரில் பள்ளிகள்!

சென்ற வாரம் அக்காவிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். "எங்க தமிழ் டீச்சர் அப்பவே சொல்லிட்டாங்கடா. தெரிஞ்சும் வெளியில சொல்லாம இருந்தது உன்னாலதான்" என்றாள்.

தம்பி தங்கைகளே, உங்கள் பள்ளியின் பெயரை முழுதாகச் சொல்லுங்கள்.