கை ஜெயிக்க வேண்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'மோட்டார் தேர்ந்தெடுப்பது எப்படி' என்பதுதான் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். அதுவும் எந்த மோட்டார்? வீட்டில் கம்ப்யூட்டரில் ஓட்டும் விமானப் பயிற்சிக் கருவிக்கு, அதாவது ஃபிளைட் சிமுலேட்டருக்கு, நானே செய்த த்ராட்டில் லீவரை நகர்த்துகிற மோட்டார். மேடை ஏறும்போது என் வகுப்பு நண்பன் ஒருவன் காதைக் கடித்தான்: "டேய், பீங்கான் காலேஜ்ல வந்து ஏரோப்ளேன் ஓட்டப் போறியா?" பதிலை உரையின் முடிவில் சொல்கிறேன்.

நான் ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். சின்ன வயதில், விருத்தாசலம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நின்றபடி மேலே போகும் விமானத்தை அண்ணாந்து பார்த்தவன். விமானி ஆகவில்லை. அந்த ஆசையைத் தீர்க்க, வீட்டு அலமாரிக்குப் பக்கத்தில் பிளைவுட் பலகையில் ஒரு காக்பிட் கட்டினேன். கம்ப்யூட்டர் இருக்கிறது, திரை இருக்கிறது. ஆனால் லீவர் தானாக நகரவில்லை.

"லீவர் ஏன் தானாக நகர வேண்டும்?" என்று கேட்பீர்கள். போயிங் 737 போன்ற விமானங்களில் ஆட்டோ-த்ராட்டில் என்று ஒன்று உண்டு. எஞ்சினுக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்பதை அது கணக்கிட்டு, சின்ன மோட்டார் மூலம் லீவரையே முன்னும் பின்னும் நகர்த்தும். தரையிறங்கும் நேரத்தில் விமானி கையை லீவர் மேல் லேசாக வைத்திருப்பார். எஞ்சின் என்ன செய்கிறது என்று கண் பார்க்காவிட்டாலும் கைக்குத் தெரிந்துவிடும். ஏர்பஸ் ஏ-320இல் இது வேறு மாதிரி. அங்கே தானியங்கி முறையில் எஞ்சின் சக்தி கூடும், குறையும்; லீவர் மட்டும் ஒரே இடத்தில் நிற்கும்.

இந்த வித்தியாசத்தை நம் நாடு ஒரு துயரமான நாளில் பேச நேர்ந்தது. 1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து பெங்களூர் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605 என்ற ஏ-320 விமானம், ஓடுபாதையைத் தொடுவதற்கு முன்பே கோல்ஃப் மைதானத்தில் விழுந்தது. விமானத்தில் இருந்த 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். இறங்கி வந்த நேரத்தில் எஞ்சின்கள் மிகக் குறைந்த சக்தியில், அதாவது 'ஐடில்' நிலையில் இருந்தன. விமானிகள் அதை உணர்ந்து முழு சக்தி கொடுத்தபோது நேரம் கடந்துவிட்டது; ஜெட் எஞ்சின் ஐடிலிலிருந்து முழு வேகத்துக்கு வரப் பல வினாடிகள் பிடிக்கும். விமானிகள் நிலைமையை உணரத் தவறியதையே விசாரணை முக்கியக் காரணமாகச் சொன்னது. ஆனால் 'லீவர் நகர்ந்திருந்தால் கைக்காவது தெரிந்திருக்குமே' என்ற விவாதமும் அப்போது எழுந்தது.

நகராத லீவர்தான் குற்றவாளி என்று நான் சொல்ல வரவில்லை. அந்த முறையில் இன்றும் ஆயிரக்கணக்கான விமானங்கள் பத்திரமாகப் பறக்கின்றன. 2013 ஜூலை 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் விபத்துக்குள்ளான ஏசியானா 214, நகரும் லீவர் உள்ள போயிங் 777தான். அங்கே ஆட்டோ-த்ராட்டில் 'ஹோல்ட்' நிலைக்குப் போய், லீவர் ஐடிலிலேயே கிடந்தது. வேகம் குறைந்ததை யாரும் வேளைக்குக் கவனிக்கவில்லை. 3 பேர் இறந்தார்கள். ஆக, இயந்திரம் நகர்த்தினாலும் சரி, நகர்த்தாவிட்டாலும் சரி, மனிதன் கவனமாக இருக்க வேண்டும். அவன் கை வைத்தால் அந்தக் கை ஜெயிக்க வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். ஆனால் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் வாங்கியது பொம்மை விமானங்களில் போடும் ஆர்.சி. சர்வோ மோட்டார். விலை குறைவு, கம்ப்யூட்டரோடு இணைப்பது சுலபம். லீவர் நகர்ந்தது, ஆனால் குளிரில் நடுங்குவது போல நடுங்கியது. மகள் கையால் ஒரு தள்ளு தள்ளினாள். உள்ளே பிளாஸ்டிக் கியர், பல் போய்விட்டது.

அடுத்தது ஸ்டெப்பர் மோட்டார். துல்லியத்துக்குப் பேர் போனது. ஆனால் கையில் கடகடவென்று படிக்கட்டு ஏறுவது போல ஓர் உணர்வு. அதை மீறித் தள்ளினால் 'ஸ்டெப்' தவறிவிடும். லீவர் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் போட்டுவைத்த கணக்கும் தவறிவிடும். சும்மா பிடித்துக்கொண்டு நிற்கும்போதே சூடாகிறது.

மூன்றாவதாகப் பழைய காரில் கழற்றிய வைப்பர் மோட்டார். 12 வோல்ட், நல்ல முறுக்கு விசை. லீவர் வெண்ணெய் போல நகர்ந்தது. 'ஆஹா, கிடைத்துவிட்டது' என்று ஆனந்தப்பட்டேன். உள்ளே இருப்பது வார்ம் கியர் என்பதை மறந்துவிட்டேன். வார்ம் கியரில் மோட்டார் சக்கரத்தைத் திருப்பும். சக்கரத்தால் மோட்டாரைத் திருப்ப முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏழு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து லீவர் தானாக நகர்வதை ரசித்துக்கொண்டிருந்தாள். பலகைப் பிளவின் ஓரத்தில் அவள் விரல் இருந்ததை நான் கவனிக்கவில்லை. லீவர் முன்னால் போனது. "அப்பா!" என்று அலறினாள். இரண்டு கையாலும் லீவரைப் பின்னால் இழுத்தேன். அசையவில்லை. என் பலம் முழுவதையும் கொடுத்தேன். அதுபாட்டுக்கு அழுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் பிளக்கைப் பிடுங்கினேன். அப்போதும் லீவர் தளரவில்லை. ஸ்க்ரூவைக் கழற்றித்தான் விரலை எடுத்தோம். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, நகம் கறுத்து விழுந்தது. மனைவி ஒரே வாக்கியம்தான் சொன்னாள்: "மொதல்ல அந்தச் சனியனைத் தூக்கி வெளிய போடுங்க."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அப்போதுதான் நம் பயிற்சிக்கூடத்து ஜிகர் இயந்திரம் நினைவுக்கு வந்தது. முதல் நாள் நான் "இது எத்தனை ஆர்.பி.எம். சார்?" என்று கேட்டேன். ஆசிரியர் சொன்னார்: "ஆர்.பி.எம். அப்புறம் கேக்கலாம் தம்பி. காலை எடுத்தா சக்கரம் நிக்குதான்னு மொதல்ல பாரு." மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், பெடலிலிருந்து காலை எடுத்தால் சக்கரம் நின்றுவிடும். நடுவில் கிளட்ச். நான் மூன்று மோட்டார் வாங்கினேன். ஒரு தடவைகூட மோட்டாருக்கும் கைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

பிறகு கணக்குப் போட்டேன். லீவர் நீளம் 15 செ.மீ. குமிழில் அரைக் கிலோ விசை இருந்தால் லீவர் தாராளமாக நகரும். முறுக்கு விசை 7.5 கிலோ-செ.மீ. குழந்தை கையும் தடுக்க வேண்டும் என்றால் ஒரு கிலோவுக்குள் நழுவ வேண்டும். அதாவது 15 கிலோ-செ.மீ.தான் எல்லை. வாங்கியது 12 வோல்ட் டி.சி. கியர் மோட்டார். அதற்கும் லீவருக்கும் நடுவில் இரண்டு தட்டு, ஃபெல்ட் வாஷர், ஒரு ஸ்பிரிங், இறுக்க ஒரு நட். மீன் எடை போடுகிற ஸ்பிரிங் தராசைக் குமிழில் மாட்டி இழுத்து, ஒரு கிலோ காட்டுவதற்குள் நழுவும்படி நட்டைச் சரிசெய்தேன். இன்னொன்று முக்கியம்: இடத்தை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர், அதாவது ரேடியோ வால்யூம் திருகுக்குள் இருக்குமே அது, லீவர் அச்சில்தான் இருக்க வேண்டும். மோட்டார் பக்கம் வைத்தால், கிளட்ச் நழுவிய பிறகு அது பொய் சொல்லும். உண்மையான விமானத்திலும் இதே தத்துவம்தான். ஆட்டோ-த்ராட்டில் நகர்த்தும்போதே விமானி கையால் மீறித் தள்ள முடியும்.

இப்போது நண்பனுக்குப் பதில். புது மோட்டார் ஓடும்போதெல்லாம் திரையில் எஞ்சின் அளவு துள்ளியது. பிரஷ்ஷில் பறக்கும் பொறியின் வேலை. மோட்டாரின் இரு முனைக்கும் குறுக்கே '104' என்று எழுதிய சின்ன வில்லைக் கெப்பாசிட்டர் ஒன்று வைத்தேன், துள்ளல் அடங்கியது. அது பேரியம் டைட்டனேட். பீங்கான்! பல் போன கியரும் கழற்றிய வைப்பர் மோட்டாரும் கிடந்தன அல்லவா, வைப்பர் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே பிறை வடிவில் கறுப்பாக இரண்டு காந்தம். ஃபெரைட். இரும்பு ஆக்சைடையும் ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட்டையும் கலந்து, சுட்டு, பால் மில்லில் மைக்ரான் அளவுக்கு அரைத்து, காந்தப் புலத்தில் பிரஸ் செய்து, மறுபடி 1200 டிகிரி வாக்கில் சூளையில் வேகவைத்தது. பால் மில், பிரஸ், சூளை! இதெல்லாம் நாம் படித்த பாடம்தானே? 1950களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவான இந்தப் பீங்கான் காந்தம்தான் இன்றும் காரின் வைப்பரிலும் ஒலிபெருக்கியிலும் மலிவாக உழைக்கிறது.

தம்பி தங்கைகளே, "பீங்கான் படிச்சா கக்கூஸ் கோப்பை செய்யலாம், கொலு பொம்மை செய்யலாம்" என்று உங்களையும் ஊரில் கிண்டல் செய்வார்கள். கோப்பையும் பொம்மையும் இந்த ஊருக்குச் சோறு போட்டவை. அதில் வெட்கம் இல்லை. ஆனால் உங்கள் பாடம் அதோடு நிற்கவில்லை. எந்த இயந்திரத்தையும் திறந்து பாருங்கள், நம் சூளையில் வெந்த பொருள் ஒன்று உள்ளே இருக்கும்.

கூடவே ஒன்று. நாளை நீங்கள் எதைச் செய்தாலும், எத்தனை குதிரைச் சக்தி, எத்தனை ஆர்.பி.எம். என்று கேட்பதற்கு முன், கையை வைத்தால் நிற்குமா என்று கேளுங்கள். கிளட்ச் போட்ட பிறகு, முதலில் நான்தான் அந்தப் பிளவில் விரலை வைத்துப் பார்த்தேன். லீவர் வந்து தொட்டது, நழுவியது, நின்றது. சில நாள் கழித்து மகள் தானே வந்து உட்கார்ந்தாள். ஒரு விரலால் லீவரைத் தடுத்துப் பார்த்துவிட்டு, "இப்ப நான் சொன்னா கேக்குதுப்பா" என்றாள்.