பத்திரிகாசிரியரின் சின்னச் சந்தோஷங்கள்



பத்திரிகாசிரியர் என்றால் மந்திரிமாரோடு தேநீர் குடிக்கிறவர் என்று எண்ணிவிடாதீர்கள்!

திருவாரூரில் 1903இல் பிறந்த கோ. சாரங்கபாணி 1924இல் சிங்கப்பூர் வந்தார். 1935இல் 'தமிழ் முரசு' பிறந்தது. வாரத்தாளாக இருந்தது 1937இல் நாளிதழாயிற்று. இதெல்லாம் ஊரறிந்த சேதி. எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. 1950களில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே 'மாணவர் மணிமன்றம்' என்று இடம் ஒதுக்கினாரே, அதுதான்! கோணல் எழுத்தில் வரும் கடிதத்தைப் படித்து, சிரித்து, பிழை நீக்கி அச்சுக்கு அனுப்புவது ஆசிரியருக்கு வேலையும் அதுதான், பொழுதுபோக்கும் அதுதான். எழுதின பிள்ளைக்கோ, தன் பேரை அச்சில் பார்க்கிற நாள் தீபாவளி! அப்படி எழுதிப் பழகினவர்களில் பலர் எழுத்தாளர்கள் ஆனார்கள். இந்நாட்டில் தமிழ் இளைஞர் மணிமன்றம் முளைத்ததும் அந்த வித்திலிருந்துதான்.

1924 முதல் வந்த 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோயிற்று. இருக்கிற பத்திரிகைகளுக்காவது நம் செண்டாயான் பிள்ளைகள் எழுத வேண்டாமா?

பிள்ளைகள் பரிசு மேசையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை. பெற்றோரே, இந்த விழாவைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்லி அனுப்புங்கள். தோட்டத்தின் பேரைப் போட மறந்துவிட வேண்டாம். அதை அச்சில் பார்க்க நமக்கும் ஆசைதானே!